கடைசிச் சீட்டின் பெயர் ஆறு

அந்த ஆட்டத்தில் கடைசியாகத் திறக்கிற சீட்டுக்கு
ரிவர் என்று பெயர். ஆறு.
வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலியோரம்,
ரிக் லாரியின் நிழலில் மல்லாந்துகொண்டு
போனில் அதற்குக் காத்திருப்பேன்.
பத்தடி தள்ளி, எழுநூறு அடிக்குக் கீழே
சுத்தி பாறையை இடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் மேசை.
இருநூறு இருந்தால் உட்காரலாம்.
தோற்றால் வீட்டுக்குத் தெரியாது,
ஜெயித்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

முதல் ரெண்டு மாசத்தில் மூவாயிரத்து நானூறு போச்சு.
கையில் ஒரு ராசா இருந்தால் போதும்,
எவன் ஏற்றினாலும் கூடவே ஏறுவேன்.
இத்தனை போட்டாச்சு, இனி எப்படி விடறது?
எங்கேயோ கேட்ட பேச்சு.
எங்கேயோ என்ன, தினமும்தான்.
கொறங்காட்டு வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து
வாயில் புழுதி அப்ப அப்ப
எங்களிடம் எல்லாரும் சொல்வது.

போர் டைரியின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
முன்பக்கம்: கேசிங் நாற்பது, அறுபதில் ஈரம்,
அப்புறம் கருங்கல், கருங்கல், மாவு.
பின்பக்கம்: ஆட்டின் நாலு சேர்ந்திருக்கு, இன்னும் ஒன்று வேணும்.
நடுவில் எண்பது கிடக்கு, நான் போட வேண்டியது நாற்பது.
மூன்று தடவைக்கு ஒரு தடவை வந்தால்தான் கட்டும்.
வருவதோ ஐந்துக்கு ஒன்று, அதுவும் முழுசாக இல்லை.
மடக்கு.

பவானி கிங் என்று ஒருத்தன்.
அவன் யோசித்து ஏற்றினால் கையில் ஒன்றும் இருக்காது,
சட்டென்று ஏற்றினால் விலகிக்கொள்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் நானே மோசம்.
பசியோடு ஆடாதே. இதை மட்டும் ரெண்டு தடவை அடிக்கோடிட்டேன்.
பைப் மாட்டுகிற புத்ராம் எட்டிப் பார்த்து
இந்தியில் ஏதோ சிரித்தான்.

மூன்றாம் மாசம் நஷ்டம் இருநூற்றுப் பத்து.
நான்காம் மாசம் லாபம் எண்பத்தாறு.
முத்தூர் பிரிவில் புத்ராமுக்கும் எனக்கும் பரோட்டா,
பாக்கி நாலு ரூபாய்.

அப்புறம்தான் கோகிலாமணியின் காடு.
வீட்டுக்காரர் பெருந்துறை ஆஸ்பத்திரியில்.
தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு வட்டம்.
எண்ணூற்று நாற்பதிலும் புழுதிதான்.
"இன்னொரு நூறடி ஓட்டுங்க.
இத்தனை முட்டுவழி பண்ணியாச்சு."

ஆழம் கூடக் கூட அடிக்கு ரேட்டும் கூடும்.
எனக்கு அடிக்கணக்கில் பேட்டா.
ஏஜென்ட் அர்த்தனாரி புல்லட்டின் மேல் உட்கார்ந்து
பல் குத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

கம்ப்ரசரை அணைத்தேன்.
"போட்டது போனதுங்க. அது இனி உங்க காசில்லை.
இந்த நூறடியை மட்டும் தனியா நெனச்சுப் பாருங்க.
இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கோம்னு வெச்சுக்கங்க.
இங்க ஓட்டச் சொல்லுவீங்களா?"
காது இரைந்துகொண்டிருந்தது.
அவர் குழியைப் பார்த்தார், பைப்பை எண்ணினார்,
செருப்பில் ஒட்டிய மாவைத் தட்டினார்.
"போச்சாதுங்க. கழட்டிருங்க."

நாற்பத்திரண்டு பைப். கழற்றி முடிக்க நட்சத்திரம் வந்துவிட்டது.
அர்த்தனாரி பேசவில்லை.
அடுத்த ரெண்டு பாயிண்ட் வேறு வண்டிக்குப் போனது.

மடக்கிய பிறகு அடுத்த சீட்டு என்னவாக இருந்திருக்கும்?
எவனும் திறந்து காட்டமாட்டான்.
சரியாக மடக்கியதற்குச் சாட்சி கிடையாது.
அதைத்தான் நான் பழகிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இங்கே காட்டினார்கள்.
இருபது நாள் கழித்து அர்த்தனாரியின் போன்:
வேலிக்கு அந்தப்பக்கம், தொள்ளாயிரத்துப் பத்தில்,
ரெண்டு இஞ்ச் தண்ணி.
அவ்வளவுதான் சொன்னார். வைத்துவிட்டார்.

அன்றைக்கு மேசையில் உட்காரவில்லை.
டைரியைத் திருப்பி, பின்பக்கத்தில்,
எண்ணூற்று நாற்பது, மடக்கியது சரி, என்று எழுதினேன்.
வெகுநேரம் பேனாவை மூடவில்லை.
அவரைக் கூப்பிடலாமென்று நம்பரைத் தேடினேன்.
முன்பக்கத்தில் இருந்தது,
கருங்கல்லுக்கும் மாவுக்கும் மேலே,
அவர் கையெழுத்திலேயே.