பிரிவு அலுவலகம்

பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது:
மின்வாரியம், பிரிவு அலுவலகம், கொருக்குப்பேட்டை.
மாற்றலாகி வந்த முதல் மாதம்
பைக்குள் வக்கீல் நோட்டீஸ் கிடக்க
தலையைக் குனிந்துதான் நுழைவேன்,
என்னைப் பார்த்து எழுதி மாட்டியதுபோல.
பிறகு பழகிவிட்டது.
ஒரு பொறியாளர், மூன்று எழுத்தர்,
மின்வாரியத்திலேயே ஓடாத ஒரு மின்விசிறி,
அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு
இங்கே பொருளில்லை.

இன்றைக்குக் கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு ரயில் நாற்பது நிமிஷம் நகரவில்லை.
ஊர் இரண்டாகி நின்ற அந்த வெயிலில்
ஒரே வரிசையில் தனித்தனி வண்டியில் காத்திருந்து
வந்து சேர்ந்தார்கள் ஏகாம்பரமும் தேசிங்கும்.
அண்ணன், தம்பி.
ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டர் வேண்டுமாம்.
காரணம் என்ற கட்டத்தில்
பெரியவர் 'பாகப்பிரிவினை' என்று எழுதினார்.
அதே பேனாவை வாங்கி
'தனிக்குடித்தனம்' என்று எழுதினார் சின்னவர்.

மாடி அண்ணனுக்கு. கீழ்வீடு தம்பிக்கு.
மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள்.
எல்லாம் ஒத்துப்போய்
படிக்கட்டு விளக்கில் வந்து மாட்டிக்கொண்டது.
"நான் மாடி ஏர்றதே இல்ல மேடம், நான் ஏன் கட்டணும்?"
"வெளிச்சம் இவன் வாசல்லதானே வுழுது?"
பத்து வாட் பல்பு.
இரண்டு மாதத்துக்கு ஆறு யூனிட் வருமா?

வாயைத் திறக்காமல்
ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவு.
தோழி 'அ'வில் போய்விட்டாள் என்று
ஜூன் முழுக்க அழுதாள்.
நடுவே இருப்பது ஒரு தட்டி.
காசிமேட்டுக் கயிற்றுக் கடையிலோ
மூணு பிரியா, நாலு பிரியா என்று கேட்பார்கள்.
அங்கே பிரியை எண்ணித்தான்
கயிற்றை நம்புகிறார்கள்.
கோர்ட்டில்
"பிரிவு பதிமூன்று பி-யின்படி பிரிவு" என்று
வக்கீல் மூச்சுவிடாமல் வாசித்தபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கும்.
நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

வாசலில் மூன்று பையன்கள், கையில் கோடு போட்ட நோட்டு.
"அக்கா, கூட்ஸ் ஷெட்டு கன்னியப்பன் செத்துட்டாரு.
எடுக்கறதுக்கு யாருமில்ல.
காசு பிரிக்கிறோம்."

பிரிக்கிறோம்.
பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு.
கோயில் கூழுக்குப் பிரித்தார்கள், கேரம் கிளப்புக்குப் பிரித்தார்கள்,
மழைத்தண்ணீர் முட்டிக்கு நின்ற வருஷம்
பால் பாக்கெட்டுக்குப் பிரித்தார்கள்.
வீடு வீடாய்ப் போய்ச் சேர்ப்பதற்குப் பெயர் பிரிப்பது
என்பது இத்தனை நாள்
என் காதில் உறைக்கவேயில்லை.

தேசிங்கு ஐநூறு எடுத்தார்.
ஏகாம்பரம் எல்லாப் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துவிட்டு
பையனைப் பார்த்துச் சொன்னார்,
"ஆயிரமா எழுதிக்கோ. இவன் குடுப்பான்.
நான் அவன்கிட்ட குடுத்துக்கிறேன்."
தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை.
இன்னொரு ஐநூறை எடுத்தார்.
பையன் ஒரே வரியில் எழுதினான்:
ஏகாம்பரம் தேசிங்கு ஆயிரம்.
இடையில் காற்புள்ளிகூட இல்லை.

நூறு ரூபாய் என் பெயரிலும் ஏறியது.

அப்புறம் இருவரும் மேசைப் பக்கம் திரும்பி
விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்கள்:
"அந்த பல்பு மேட்டரு..."
திங்கள்கிழமை வரச் சொன்னேன்.

கேட் திறந்த சத்தம், எல்லா ஹாரனும் ஒன்றாக.

யாரிடமும் சொன்னதில்லை:
என் வீட்டு மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது.
பெயர் மாற்றும் படிவம்
இதே மேசையின் இரண்டாவது இழுப்பறையில் கட்டுக்கட்டாக இருக்கிறது.
பில் வந்ததும் செய்தி அவர் போனுக்குப் போகும்.
சில மாதம், நான் கட்டப் போவதற்குள்
யாரோ கட்டியிருக்கிறார்கள்.