மூன்றாம் மாதிரி

ஓட்டேரி நல்லா.
பேரில் மட்டும் நல்லா என்று
பஸ்ஸிலேயே சொல்லிச் சிரித்தான் கிளமென்ட்.
நானும் சிரித்தேன்.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு, பதினோரு பேர்,
நான்கு இடங்கள், நான்கு பாட்டில்கள்.
அயனாவரத்தில் ஒன்று, ஓட்டேரியில் ஒன்று,
மூன்றாவது புளியந்தோப்பில்,
கரைச்சுவர் உடைந்த இடத்தில்.
அந்த உடைப்பை எனக்குத் தெரியும்.
நேர் மேலே பச்சை ஜன்னல்,
கொடியில் காய்வது
எங்கம்மாவின் ஊதா நைட்டி.

சொல்லவில்லை.

எல்லோரும் கைக்குட்டையை மூக்கில் கட்டினார்கள்.
நான் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டேன்.
அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான்
எவ்வளவு நாறுகிறது என்று
தெரிந்துகொண்டேன்.

நஸ்ரின் கயிற்றில் வாளியை இறக்கினாள்.
கரைந்த ஆக்சிஜன்: பூஜ்யம் புள்ளி மூன்று.
"உயிரினம் இல்லைன்னு எழுதிக்கோ."
கிளமென்ட் பேனாவை மூடியேவிட்டான்.

இரு, என்றேன்.
பையிலிருந்து வடிகட்டியை எடுத்து
சேற்றை அள்ளி
வெள்ளைத் தட்டில் பரப்பினேன்.

முதலில் வெறும் கறுப்பு.
பால் கவர் நுனி, முடிக்கற்றை,
ஒரு கம்மல் திருகாணி.
பிறகு சேறு அடங்க அடங்க
ஒரு சிவப்பு நூல் நெளிந்தது.
இன்னொன்று. ஏழு. எண்ண முடியவில்லை.

ரத்தப்புழு.
காற்று அரிதான இடத்தில்
கிடைத்ததைப் பிடித்துவைக்கத்தான்
உடம்பில் இத்தனை சிவப்பாம்.
"நம்ம ரத்தம் மாதிரியேடி,"
போனில் படித்த நஸ்ரின்
கைக்குட்டையை இறக்கிவிட்டுக் குனிந்தாள்.

ஓரத்தில் எலிவால் புழு ஒன்று
வாலை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி
அதன் வழியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
டிசம்பர் வெள்ளத்தில்
பரண்மேல் நாங்கள் ஆறு பேர்,
ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை நகர்த்தி
தலையை வெளியே நீட்டியிருந்தோம்.
வாலை மூக்காக்கத் தெரியவில்லை எங்களுக்கு.

குடிதண்ணீர்க் குழாய் கசிந்து
நல்லாவில் விழும் இடத்தில்
ஒரு கை அகலத்துக்குத் தெளிவு.
அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றி
நான்கு கப்பி மீன்கள்.
ஒன்று சினை.

அப்போதுதான் ஜன்னல் திறந்தது.
"ஏ சுகந்தி! டீ வடிகட்டியக் காணோம்னு
வூட்டயே பொரட்டினுகீறேன்,
நீ இன்னாடி சாக்கடைல வலிச்சினுகீறே?"

பதினோரு பேரில் பத்துப் பேர்
ஜன்னலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்,
வடிகட்டியைப் பார்த்தார்கள்.
ரயில் ஒன்று பேசின் பாலம் நோக்கி
மிக மெதுவாக, மிக நீளமாகப் போனது.

கிளமென்ட் பேனாவைத் திறந்தான்.
"எழுத்து சொல்லு. ரத்த... புழு. அப்புறம்?"

சொன்னேன்.
இரண்டு வரிக் கட்டத்தில் இடம் போதாமல்
தாளின் ஓரத்தில் ஏறி எழுதினான்.

கை கழுவ ஒரு குடம் தண்ணீர் வந்தது,
திட்டும் கூடவே வந்தது.
நான்காம் மாதிரிக்கு அவர்கள் நடந்தார்கள்.
தட்டைக் கவனமாகச் சாய்த்து
ஒவ்வொன்றும் நீரில் இறங்கிப் போகும்வரை நின்றேன்.

வடிகட்டியை என்ன செய்வது என்றுதான்
இன்னும் தெரியவில்லை.