மூட்டைக்குத் தனி டிக்கெட்

விடிகாலை நாலரைக்குத் தாழ்ப்பாளை ஆட்டுகிறார்.
முதல் வண்டி எடுக்கணுமாம்.
பனி கொட்டுதுப்பா என்கிறேன்,
லிங்கராஜபுரத்தில் ஒரு நாய்கூட எழவில்லை.
டிப்போவில் கையெழுத்துப் போடாவிட்டால்
அரைநாள் சம்பளம் போய்விடும் என்கிறார்.
ஓய்வு பெற்று இருபத்திரண்டு வருஷம்.
எந்த வருஷத்து அரைநாளோ,
இன்னும் உறுத்துகிறது.

ஸ்வெட்டரை மாட்டி பால்கனிக்குக் கூட்டிப்போனேன்.
நேற்று கட்டிய காகித நட்சத்திரம்
சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தது.
சிக்னல் விழுந்திருக்கு என்று
பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.
பகல் முழுக்க நான் அதை அணைக்கவில்லை.
கரண்ட் பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குல்குல் மாவை அவர் முன்னால் வைத்தேன்.
போன வருஷம் சீப்பில் அழுத்தி அழகாய்ச் சுருட்டினார்.
இந்த வருஷம் கிள்ளுகிறார்,
கிள்ளிக் கிள்ளி நீட்டுகிறார்,
ஆளில்லாத பக்கமும் நீட்டுகிறார்.
முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி...
அடுப்படியில் நான்
ஓரடி முன்னால் நகர்ந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி டென்சில் அண்ணன் வந்தான்,
மஸ்கட்டிலிருந்து, நாலு நாளைக்கு,
பேரீச்சம்பழமும் கால் அமுக்கும் ஒரு மெஷினுமாக.
பெட்டியைக் கீழே வைப்பதற்குள்
"டென்சிலு, இளைச்சுட்டியேடா" என்றார்.
பெயரோடு.

ஆறு வருஷமாய் நகம் வெட்டிவிடுகிறவள்,
என்னை ஏம்மா என்பார்.
மகளைக் கூப்பிடும் அம்மாவா,
படியில் தொங்கும் பெண்பிள்ளையை
உள்ளே வரச்சொல்லும் அம்மாவா,
கேட்டதில்லை.
"மாமா நல்லாத்தானே இருக்கார்" என்றாள் அண்ணி.
நான் பாத்ரூமில் பக்கெட்டை நிரப்பப் போனேன்.
நிரம்பி வழிந்தபிறகும் குழாயை மூடவில்லை.
டேங்கர் தண்ணீர். ஆனாலும்.

மறுநாள் இரவு பதினொன்றரைக்குக் கேரல் வந்தது,
கித்தார், கஞ்சிரா,
பிளாஸ்டிக் முகமூடியில் கிறிஸ்துமஸ் தாத்தா.
போன வருஷம் அதைப் பார்த்துக்
கட்டிலுக்கடியில் ஒளிந்தவர்
எழுந்து நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டார்,
எங்க ஏறினீங்க என்றார்.
வெள்ளைத்தாடி திருதிருவென்று நின்றது.
"ஆளுக்கு ஒண்ணு. மூட்டைக்குத் தனி டிக்கெட்."

தெருவே சிரித்தது. அண்ணன் போனில் பிடித்தான்,
ஐந்து நிமிஷத்தில் மஸ்கட் சிரித்தது.
பொய் சொல்வானேன், நானும்
வயிறு வலிக்கச் சிரித்தேன்.
அந்தப் பையன் மட்டும் முகமூடியைத் தூக்கிவிட்டு
பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தான்.
சுவரிலிருந்த காலண்டரில்
இருபத்துமூன்றைக் கிழித்து அவனிடம் கொடுத்தார்.

பாட்டு அடுத்த வீட்டுக்குப் போனபோது
கைலி நனைந்திருந்தது.
வீடியோவில் அது இல்லை.

நள்ளிரவுப் பூசைக்கு எல்லாரும் போய்விட்டார்கள்.
காலண்டர் இன்னும் அவர் மடியில்,
நேற்றிலிருந்து கீழே வைக்க மறுக்கிறார்.
பிளம் கேக்கைப் பாலில் கரைத்து ஊட்டினேன்.
கோயில் மணி அடித்தது.
ரைட், ரைட் என்றார்.
மூன்றாவது ஸ்பூனில் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏம்மா, ரொம்ப நேரமா வர்றீங்களே.
ஆமாங்க.
கடைசி ஸ்டாப்பா?
தெரியலீங்க.

இருபத்துநாலைக் கிழித்தார்.
காதோரம் தடவி இல்லாத பேனாவைத் தேடினார்,
மருந்துக் கணக்கு எழுதும் பேனாவைக் கொடுத்தேன்.
பின்பக்கம் ஏதோ ஒரு எண்,
அதைச் சுற்றி ஒரு வட்டம்.

"சில்லறை இல்லம்மா.
இறங்கும்போது மறக்காம கேட்டு வாங்கிக்குங்க."

ஏழா ஒன்றா, படிக்க முடியவில்லை.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
நாலாவது ஸ்பூனுக்கு
அவர் வாய் திறக்கவில்லை.