பதினோரு படுக்கைகள்

செவ்வாய் இரவு. சமையலறை மேசை.
எரிவாயுக் கட்டண ரசீதின் பின்புறம்
பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.
மாப்பிள்ளை கெத்தினோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்.
பிரிஸ்டல் விடுதியில் இருப்பதோ
பதினோரு படுக்கை.

மாப்பிள்ளைத் தோழன் என்றால்
மோதிரத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பவன்
என்றுதான் நினைத்திருந்தேன்.
தண்டல்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆண்மான் வாரயிறுதி என்கிறார்கள் இதை.
ஆண்மானுக்குக் கலை என்றும் பெயர்.
கலைவதற்கு முன் ஒருமுறை கூடிக்கொள்கிற மந்தை
என்று வைத்துக்கொள்ளலாம்.
கூட்டுவதற்குள்தான் உயிர் போகிறது.

முதலில் பிராக் என்றார்கள்.
விமானக் கட்டணத்தைப் பார்த்ததும் டப்ளின்.
அங்கே ஒரு கோப்பை பீரின் விலையைப் பார்த்ததும்
பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற பிரிஸ்டல்.
ரோட்ரிக்குக் கார் பந்தயம் வேண்டும்.
ஓவைனுக்குச் சாயக் குண்டுச் சண்டை வேண்டும்,
அதுவும் மாப்பிள்ளைக்கு முயல் வேஷம் போட்டு.
எம்லின் குடியை விட்டு ஏழு மாதம்.
'நான் ஓட்டுகிறேன்' என்று மட்டும் எழுதினான்,
எங்கே, எதை என்று கேட்கவில்லை.
டெல்வின் எதற்கும் ஒரு கட்டைவிரலை உயர்த்துவான்.
அது சரி என்பதா, பார்த்தேன் என்பதா,
பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியாது.

தலைக்கு நூற்று நாற்பது பவுண்டு.
வெள்ளிக்குள் முன்பணம்.
டெய்வியன் மட்டும்
'முழங்கால் சரியில்லைடா, என்னை விட்டுவிடுங்கள்.'

பதினொன்று. கணக்கு சரியாகிவிட்டது.
ஆளுக்கொரு படுக்கை.
அவன் பெயரை அடித்தேன்.
கோடு நேராக விழவில்லை.

சனிக்கிழமை அவனைப் பார்த்தேன்.
பத்து வயதுப் பிள்ளைகளின் ரக்பி ஆட்டத்துக்கு நடுவர்.
சேற்றில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
விசிலைக் கடித்துக்கொண்டு ஓடினான்.
முழங்காலுக்கு ஒன்றுமில்லை.
மார்ச்சில் உருக்காலை ஆளைக் குறைத்தது.
நொண்டுவது வேறெங்கோ.

என் கல்யாணத்துக்கு முந்தைய மாதம்
டென்பியில் இதே ஆட்கள்
சமையலறைப் பிளாஸ்டிக் தாளால்
என்னை விளக்குக் கம்பத்தோடு சுற்றிக் கட்டினார்கள்.
தலையில் மணப்பெண்ணின் முக்காடு.
கடற்காற்று. மணி இரண்டு.
சிரித்துக்கொண்டே அடுத்த மதுக்கடைக்குப் போனவர்கள்
என்னை மறந்தே போனார்கள்.
டெய்வியன்தான் திரும்பி வந்தான்,
ஒரு கையில் கத்தரி,
ஒரு கையில் வினிகர் ஊற்றிய சிப்ஸ்.
முதலில் சிப்ஸை ஊட்டினான்.

அந்தக் கல்யாணம் நான்கு வருடம் தாங்கியது.
அந்தச் சிப்ஸில் உப்பு கொஞ்சம் அதிகம்.
உப்பிட்டவன் பெயரை எப்படி அடிப்பது?

ஞாயிறு காலை எல்லோருக்கும் எழுதினேன்:
'பிரிஸ்டல் போச்சு. படுக்கை போதவில்லை.
விடுதிக்காரி ஈவிரக்கமில்லாதவள்.'
நல்ல பெண்மணி அவள். மன்னிக்கட்டும்.
'ரோட்ரியின் மைத்துனிக்கு
ரோசிலியில் ஒரு கேரவன் சும்மா நிற்கிறது.
நாலு பேர் உள்ளே, மற்றவர்களுக்குக் கூடாரம்.
கானாங்கெளுத்தி பிடிப்போம், பிடித்ததைச் சுடுவோம்,
மாட்டாவிட்டால் இருக்கவே இருக்கிறது சாசேஜ்.
தலைக்கு முப்பது. முன்பணம் வேண்டாம்.'

சாயக் குண்டு என்ன ஆயிற்று என்றான் ஓவைன்.
முயல் வேஷத்தை எடுத்து வா என்றேன்.
கட்டிய பணத்தில் பாதி திரும்பி வராது.
அதை நான் ஈடுகட்டியதை
இங்கே மட்டும் சொல்கிறேன்.

இரவு பதினொன்றேகாலுக்கு டெய்வியன்:
'முழங்கால் கொஞ்சம் தேவலை.'
டெல்வின் அதற்கும் கட்டைவிரலை உயர்த்தினான்.

ரசீதின் பின்னால் இனி இடமில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
தூண்டில் முள் மூன்று டஜன்,
கரி இரண்டு மூட்டை,
எம்லினுக்கு இஞ்சி சோடா,
ஒரு கத்தரி.

எவனையாவது எங்கேயாவது
கட்டத்தான் போகிறார்கள்.