தேவையற்றதை அடிக்கவும்

செவ்வாய், வெள்ளி, மாலை ஆறரைக்கு
மஞ்சூர் சத்துணவுக் கூடத்தில்
சாம்பார் வாசம் போகாத பெஞ்சில்
எங்களுக்குப் பள்ளிக்கூடம்.
ஒன்றாம் வகுப்பின் உயரம் அந்த பெஞ்ச்.
முட்டி தாடையை இடிக்கும்.

மாதத்தில் இரண்டு வெள்ளி மட்டும்
ஊட்டி வேலைவாய்ப்பு அலுவலகத்து ஜீப்
பனியை முட்டிக்கொண்டு வரும்.
போஜராஜ் சார் இறங்குவார்,
மஃப்ளருக்குள் பாதி முகம்,
கக்கத்தில் ஒரு கட்டு விண்ணப்பம்.

பெனிட்டா டீச்சருக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை.
"எழுத்து வரட்டும் சார், அப்புறம் வேலை."
"வேலை வரட்டும் டீச்சர், எழுத்து பின்னாலேயே ஓடி வரும்."
அணைந்த அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.
நாங்கள் இருபத்திரண்டு பேர்
ஆட்டம் பார்த்தோம்.

கடைசியில் விண்ணப்பமே பாடப்புத்தகம் ஆனது.
ஆடு இல்லை, இலை இல்லை எங்களுக்கு.
பெ என்றால் பெயர்.
வ என்றால் வயது.
மு, முகவரி: லயன் வீடு, எண் பதினேழு.

என் பெயர் பவளக்கொடி.
நடுவில் ஒரு ள,
அடுப்படியில் சுருண்ட பூனை மாதிரி.
அதற்கு வால் போட மட்டும் எனக்கு ஒரு வாரம்.

வேலை இதுதான்:
தேயிலை ஃபாக்டரியில், இலை வாட்டும் தொட்டிக்கு,
இரவு ஷிப்டுக்கு ஆள்.
அங்கே அட்டை கடிக்காது.
அட்டை கொடுப்பார்கள், போட்டோ ஒட்டி.

சுவரில் இரண்டு கண்ணாடிக் குமிழ்.
ஒன்று உலர்ந்தது, ஒன்றுக்கு ஈரத்துணி.
மணிக்கொரு தடவை படித்து
நோட்டில் எழுத வேண்டும்.

"எனக்குக் கையே சொல்லும் சார்," என்றேன்.
ஒரு பிடி இலையை இறுக்கி விட்டால்
வாடாதது திமிறிக்கொண்டு நிமிரும்,
வாடியது யோசித்து யோசித்து விரியும்.
அவர் சிரிக்கவில்லை.
"அதனாலதான் உங்களைக் கேக்கிறாங்க.
ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கை சொன்னது
காலையில வர்ற மேனேஜருக்கு எப்படிக் கேக்கும்?"

அடுத்த செவ்வாய் டீச்சர்
இரண்டு குமிழையும் கடன் வாங்கி வந்து
ஜன்னலில் கட்டினார்.
உலர் பன்னிரண்டு. ஈரம் பன்னிரண்டு.
பனி உள்ளே வந்துவிட்டால்
இரண்டும் ஒன்றுதான் போல.

பிறகு அந்த வரி வந்தது.
திரு / திருமதி / செல்வி.
தேவையற்றதை அடிக்கவும்.

திருவை அடித்தேன், சுலபம்.
அடுத்ததில் பேனா நின்றது.
திருப்பூர் சாயப்பட்டறைக்கு என்று போனவர்,
ஒன்பது வருஷம்.
சாவு செய்தியும் இல்லை, சம்பளமும் இல்லை.
"மூணையும் அடிங்க அக்கா," என்றான் மரியசூசை.
கூடமே சிரித்தது, நானும்.
டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
அதற்குள் கேட் அருகே காட்டெருமை நிற்கிறதென்று சத்தம்,
வகுப்பு முடிந்தது.

வீட்டில் கீழிருந்து தொடங்கினேன்.
கையொப்பம் / இடது பெருவிரல் ரேகை.
இருபது வருஷம் இலைக் கறையோடு
மை தொட்ட விரல்.
அதை அடித்தேன்.
கோடு கோணலாகி, கட்டம் தாண்டி,
மேஜை விரிப்பில் போய் நின்றது.
மேலே இருந்த இரண்டையும்
அப்படியே விட்டுவிட்டேன்.
கம்ப்யூட்டர் எதை எடுத்துக்கொண்டதோ,
யாரும் கேட்கவில்லை.

இப்போது விடியற்காலை ஐந்து.
காற்றாடி இரைச்சலில் என் பெயர் எனக்கே கேட்காது.
உலர் இருபத்திநான்கு. ஈரம் இருபத்தொன்று.
எண்கள் போதும் என்கின்றன.
ஒரு பிடி எடுத்து விட்டேன்;
திமிறியது.
கடைசிக் கட்டம், குறிப்பு என்று போட்டிருக்கும்,
யாரும் இதுவரை எழுதாதது.
எழுதினேன்: இன்னும் வாடவிள்ளை.

ஆறு மணிக்கு மேனேஜர் வந்தார்.
என் ளவைச் சிவப்பில் வட்டமிட்டார்.
தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார்.
இன்னும் அரை மணி, என்றார்.