அரிய வகை

சிறுமலையில் ஐப்பசி மழை விட்டதும்
மூன்று வாரம்தான் பழுக்கும் அது.
கரடித் திராட்சை என்கிறார்கள் பழையூரில்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, தடித்த தோல்,
ரெண்டு தின்றால் நாக்கு அரிக்கும்.
கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்குப் பக்கத்தில் வைத்தால்
பத்திரிகை வைக்காமலே கல்யாணத்துக்கு வந்துவிட்ட
ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கும்.

பறித்துத் தரும் பேச்சிக்கண்ணு
பாதிக் கொடியைத் தொடமாட்டார்.
‘அது வந்து பாத்துட்டு ஏமாந்து போகக் கூடாதுல்ல?’

மதுரையில் ஊறவைத்தால்
நாலாம் நாளே பொங்கிக் காடியாகிவிடும்.
மலையில், தங்கச்சி அருள்சீலி கட்டிலுக்கடியில்,
கம்பளி போர்த்திய பீங்கான் ஜாடிக்குள்
நாற்பது நாள் யோசிக்கும்.
காதை வைத்தால், பூசையில் யாரோ
வாய்க்குள்ளேயே செபம் சொல்கிற சத்தம்.

இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்பைப் பார்க்கிறேன்
பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில்.
இது வேறு சிவப்பு.
விளிம்பில் நாவல்பழக் கறை.
முதலில் புளிப்பு, பின்னால் துவர்ப்பு,
வெகுநேரம் கழித்து, விழுங்கினதையே மறந்தபிறகு,
ஈரப் பாறை.
வீட்டுக்காரர் சர்க்கரை போடச் சொன்னார்.

போன மார்கழியில் ஒரு பாட்டிலை
வங்கியில் கழித்துவிட்ட நீலப் பெட்டிக்குள் வைத்து
ஐஸ் அடுக்கி, பஸ் ஏறினேன்.
பதினெட்டு கொண்டை ஊசி. மடியிலேயே வைத்திருந்தேன்.
அடிவாரச் செக்போஸ்டில் ஏறிய போலீஸ்காரர்
லத்தியால் பெட்டியைத் தட்டினார்.

‘என்னம்மா இது?’

‘ரத்தம்.’

அப்படியொரு வார்த்தை எங்கிருந்து வந்ததோ.
சாமியார் பீடத்தில் மணியடித்து, முழந்தாளிடவைத்துச் செய்கிறதை
டீசல் புகைக்கு நடுவில் நான் ஒரு மூச்சில் செய்துவிட்டேன்.

அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கினார்.
‘என்ன குரூப்?’
‘அபூர்வமானது.’
‘ஓ நெகட்டிவா?’
தலையாட்டினேன்.

பிறகு என் கையில் எதுவுமில்லை.
விசிலடித்து லாரியை ஓரங்கட்டினார்.
டிரைவர் திண்டுக்கல் வரை எங்கும் நிறுத்தவில்லை.
பலாப்பழக்காரி யாருக்கு என்று கேட்டாள்.
‘ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு’ என்றேன்.
பின்சீட்டில் ஒருவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.
இறங்கும்போது என் கையில் ஒரு டிக்கெட் இருந்தது,
கிளம்புமுன் போலீஸ்காரர் திணித்தது.
பின்பக்கம் பேர், நம்பர்: வீரணன்.
‘எனக்கும் அதே குரூப்தான். எப்பன்னாலும் கூப்பிடுங்க.’

அன்று இரவு அரசரடியில் மின்விசிறிக்குக் கீழே
ஒரு தம்ளர் ஊற்றினேன்.
நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம்.

நம்பரைக் கொடையாளர் பதிவேட்டில் ஏற்றினேன்.

ஆவணியில், ராத்திரி ரெண்டு மணி,
மேலூரிலிருந்து நிஜமாகவே ஒருத்தி வந்தாள்.
கையிருப்பில் அந்த வகை இல்லை.
கூப்பிட்டேன். பைக்கில் வந்து சேர்ந்தார்,
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
ஊசி ஏறிய கையை மூடித் திறந்தபடி
கூரையைப் பார்த்துக் கேட்டார்:
‘அன்னைக்குப் பெட்டியில கொண்டுபோனீங்களே,
அந்தப் பிள்ள பொழச்சிருச்சா?’

பை மெல்ல நிறைந்துகொண்டிருந்தது.
வீட்டில் அலமாரிக்குள், பைபிளுக்குப் பின்னால்,
இன்னும் அரை பாட்டில்.

‘இருக்கு’ என்றேன்.