சேவையில் இல்லை

ஞாயிறு காலை ஏழே முக்கால்.
கிராஞ்சிப் பக்கம் ஒரு வாகனத் திடல்.
என் பஸ்ஸை ஐந்தாம் கட்டத்துக்குள் நிறுத்தச் சொன்னார்கள்.
புது மின்சார பஸ். பன்னிரண்டு மீட்டர்.
இருக்கைகளில் இன்னும் கடை வாசனை.
"பக்கத்திலேயே நில்லுங்க கேப்டன்,
யாராவது கேட்டா விளக்கம் சொல்லுங்க" என்று
ஒரு தாள் தந்திருந்தார்கள்.
பேட்டரியின் எடை முதற்கொண்டு மனப்பாடம்.

யாரும் கேட்கவில்லை.

நான்காம் கட்டத்துக்கு அது வந்தது.
வந்தது என்பது தப்பு, கொண்டுவந்தார்கள்.
சாலையில் ஓட அதற்கு அனுமதியில்லை.
தாழ்ந்த லாரியின் முதுகில்
நான்கு மூலையும் பட்டை போட்டுக் கட்டி,
கல்யாணத்துக்குத் தூக்கிவந்த
கால் ஒடிந்த சித்தப்பா மாதிரி.
சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. குளிர்சாதனம் கிடையாது.
சன்னலை இரு பக்கமும் கிள்ளித்தான் இறக்க வேண்டும்.
சொந்தக்காரர் சியா பூன் ஹெங். பல் மருத்துவர்.
பட்டையை அவிழ்த்ததும் முதல் காரியமாக
அதன் முகப்பு விளக்கைச் சட்டை நுனியால் துடைத்தார்.

பத்து மணிக்குள் பதினேழு பஸ்கள்.
ஈரடுக்கு நான்கு, நடுவில் மடியும் நீளம் ஒன்று,
கூரை வெட்டிய ஒன்று, ஏன் வெட்டினார்கள் என்று தெரியாதது.
ஒருவரை ஒருவர் பெயர் கேட்கவில்லை அங்கே,
பதிவெண் கேட்டார்கள்.
ஒரு கியர்ப்பெட்டியைப் பற்றி இரண்டு பேருக்கு வாக்குவாதம் முற்றி
மூன்றாமவர் கோப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்.
நஸ்ருதீன் என்று ஒருவன், காதில் பெரிய மூடி, கையில் மைக்,
பழையதன் எஞ்சின் இருமலை
நாற்பது நிமிடம் பதிந்துவிட்டு என்னிடம் வந்தான்.
"அக்கா, உங்களத கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க."
பண்ணினேன்.
இருவரும் காத்திருந்தோம்.
"பண்ணிட்டீங்களா?"
"ம்."
யோசித்துப் பார்த்து
கதவு திறக்கும் பெருமூச்சை மட்டும் எடுத்துக்கொண்டான்.
மூன்று முறை திறந்து மூடினேன்.
வெட்கமாக இருந்தது, எனக்கா பஸ்ஸுக்கா தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என் பஸ் நிறையக் கூட்டம்.
நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி,
பேட்டரியில் ஆரம்பித்தேன்.
குளிருக்கு ஏறியிருந்தார்கள்.

அவர்களை அங்கே விட்டுவிட்டுச் சிவப்பில் ஏறினேன்.
ஸ்டீரிங் ஒரு தாம்பாளம்,
திருப்பத் தோளைக் கேட்கிறது.
பின்னால் ஏதோ குழந்தை மணியை அழுத்த,
நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில்
என் வலது கால் பிரேக்கைத் தேடிப் போயிற்று.
பதினாறு வருடம் ஓட்டிய கால்,
என்னைக் கேட்டா போகும்?

நாலு மணிக்கு மழை.
சிவப்புக்கு உயிர் வரவில்லை. இருமலும் நின்றுபோனது.
கூடாரத்தின் காலுக்கும் வடிகாலுக்கும் நடுவே
லாரி நுழையவில்லை.
இழுவைக் கம்பிக்கு இருபது அடி குறைச்சல்.
எல்லாரும் என் பஸ்ஸைப் பார்த்தார்கள்,
அன்று முதல்முறையாக.
கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன்.
"காட்சிக்கு மட்டும், கேப்டன். இழுக்கக் கூடாது."
சரி என்றேன். வைத்தேன்.
பஸ்ஸைப் பூட்டினேன்.
கைப்பட்டனை அவிழ்த்து முழங்கைக்கு மேல் சுருட்டினேன்.

பல் மருத்துவர், நஸ்ருதீன், கியர்ப்பெட்டிக்காரர்கள் இருவர்,
கோப்பி வாங்கித் தந்தவர், இன்னும் பெயர் கேட்காத பத்துப் பேர்.
முதல் தள்ளலுக்கு அசையவில்லை.
என் கன்னம் தகரத்தோடு ஒட்டியிருந்தது.
உள்ளே எங்கோ ஒழுகிச் சொட்டுவது கேட்டது.
யாரோ மலாயில் எண்ண, யாரோ ஹொக்கியனில் திட்ட,
நான் "ஏலேலோ" என்று கத்தியிருக்கிறேன்,
என் வாயில் அது எங்கே இருந்ததோ.
ஒரு அங்குலம். பிறகு ஒரு முழம்.
பிறகு எங்களை விட்டுவிட்டுத் தானே கொஞ்ச தூரம் போயிற்று.

திரும்பும்போது நெற்றிப் பலகையில்
சேவையில் இல்லை.
ஒரு நிறுத்தத்தில் நனைந்தபடி ஒருவர் கைநீட்டினார்.
நிறுத்தவில்லை. கண்ணாடியில் அவர் கை
ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கியது.

பணிமனையில் படிவம்: பார்வையாளர் கருத்து.
"குளிர் நன்றாக இருந்தது" என்று எழுதினேன்.
ஸ்டீரிங் முழுக்க என் கையிலிருந்த கிரீஸ்.
துடைக்கத் துணி கேட்டேன்.
மின்சார வரிசையில் அதெல்லாம் வைப்பதில்லையாம்.
சட்டை நுனியை வெளியே இழுத்தேன்.